கல் விழுந்தா ஒண்ணு, ஆள் விழுந்தா ஒண்ணு: பனிமலை ஹெல்மெட்டின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கி, சரிசெய்யப்பட்டது.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு ஹெல்மெட்டைப் பற்றி. பைக் ஹெல்மெட் இல்லை. பனிமலையில் ஸ்கீ, ஸ்னோபோர்டு போட்டு சறுக்குறவங்க தலையில் இருக்கிற ஹெல்மெட். அதிலும் குறிப்பா, பேக்கன்ட்ரி போறவங்களோட ஹெல்மெட்.

பேக்கன்ட்ரின்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம். ஒரு ஸ்கீ ரிசார்ட்டுக்குப் போனீங்கன்னா, மேலே ஏற லிஃப்ட் இருக்கும். ராத்திரியெல்லாம் மெஷின் ஓட்டி பனியைச் சமன் பண்ணி வெச்சிருப்பாங்க. விழுந்தா தூக்கிட்டுப் போக ஆள் இருப்பாங்க. இது எதுவுமே இல்லாத வெளி மலைதான் பேக்கன்ட்ரி. அங்கே உங்க கால்தான் லிஃப்ட். ஸ்கீயோட அடியில் 'ஸ்கின்'னு ஒரு பட்டையை ஒட்டிக்கிட்டு, வழுக்காம ஒவ்வொரு அடியா மேலே ஏறணும். அந்தக் காலத்தில் அது நிஜமாவே சீல் என்ற கடல் விலங்கோட தோல். இப்போ நைலானும் மோஹேரும் வந்தாச்சு, பேர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. மூணு மணி நேரம், நாலு மணி நேரம் ஏறி, ஒரே ஒரு தடவை இறங்குவாங்க. அந்த ஒரு இறக்கத்துக்காகத்தான் அவ்வளவு உழைப்பும்.

இப்போ இந்த ஆள் ஹெல்மெட் வாங்கக் கடைக்குப் போறார்னு வெச்சுக்கோங்க. ஒரே மாதிரி தெரியுற இரண்டு ஹெல்மெட் இருக்கு. உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்தா ஒண்ணில் 'இ.என். 1077', இன்னொண்ணில் 'இ.என். 12492'. நம்ம ஊர் ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கிற மாதிரி, இது ஐரோப்பிய முத்திரை. சரி, ஒரே தலைக்கு எதுக்கு இரண்டு எண்?

ஏன்னா அந்த இரண்டு எண்ணுக்குப் பின்னாடி இரண்டு வேற வேற மரணம் இருக்கு. ஒரு ஹெல்மெட்டை டெஸ்ட் பண்றவங்க மனசில் ஒரு விபத்தைக் கற்பனை பண்ணிக்கிட்டுத்தான் டெஸ்ட் எழுதுறாங்க. அவங்க கற்பனை பண்ணாத விபத்துக்கு அந்த ஹெல்மெட் எந்த வாக்குறுதியும் தரலை. இதுதான் இன்னைக்கு எபிசோடோட சாரம். இனி கதைக்குள்ளே போகலாம்.

தோல் தொப்பிக் காலம்

1959, பிப்ரவரி. ஜெர்மனியில் கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷென்னு ஒரு மலை ஊர். அங்கே நடந்த டவுன்ஹில் பந்தயத்தில் ஜான் செம்மலிங்க் என்ற இளம் கனடா வீரர் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. ஆனா அது தோலால் தைத்த ஹெல்மெட். அதே குளிர்காலத்தில் ஆஸ்திரியாவின் டோனி மார்க்கும் இன்னொரு பந்தயத்தில் விழுந்து உயிரிழந்திருந்தார்.

அடுத்த வருஷமே குளிர்கால ஒலிம்பிக்ஸ், கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலியில். அங்கே டவுன்ஹில் ஓடுற எல்லாருக்கும் கெட்டியான ஓடு உள்ள ஹெல்மெட் கட்டாயம் ஆக்கப்பட்டது.

தோல் ஏன் போதலை? அதுக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். 1935-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'ன்னு உலகம் கொண்டாடின டி.ஈ. லாரன்ஸ், இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருத்தர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை சிகிச்சை நிபுணர். அந்தச் சாவு அவரை விடலை. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1941-ல் ஹெல்மெட்டோட அவசியத்தைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்'ல கட்டுரை எழுதினார். இன்னைக்கு அண்ணா சாலையில் நம்ம ஆளுங்க முழங்கையில் மாட்டிக்கிட்டுப் போற ஹெல்மெட்டோட பூர்வீகத்தில் அந்தக் கட்டுரைக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம் அமெரிக்காவில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லொம்பார்டும் ஹெர்மன் ராத்தும் ஒரு ஹெல்மெட் வடிவமைச்சாங்க. 1953-ல் அதுக்குக் காப்புரிமை கிடைச்சது. வெளியே கெட்டி ஓடு. உள்ளே நசுங்குற நுரை. விஷயமே அந்த நுரையில்தான் இருக்கு. தலை ஒரு பாறையில் மோதும்போது அது நிற்கிறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்குதுன்னுதான் கணக்கு. சட்டுனு நின்னா மூளை மண்டையோட்டுக்குள்ளே போய் இடிக்கும். நுரை நசுங்கி நசுங்கி அந்த நிற்கிற நேரத்தைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி நீட்டிக் கொடுக்குது. அந்த மிச்ச நேரம்தான் உயிர்.

பின்னாடி அந்த நுரையா பரவலா வந்தது ஈ.பி.எஸ். நம்ம பாஷையில் சொன்னா தெர்மகோல், ஆனா அதைவிட அடர்த்தியானது. அது ஒரு தடவை நசுங்கினா நசுங்கினதுதான். பழையபடி எழும்பாது. பலமா ஒரு அடி வாங்கின ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லைன்னாலும் மாத்தணும்னு சொல்றது இதனால்தான்.

பந்தயம் ஓடாதவங்க தலை

பந்தயக்காரங்களுக்கு 1960-லயே கட்டாயம் ஆயிடுச்சு. ஆனா விடுமுறைக்குப் போய் சறுக்குற சாதாரண மக்கள் அடுத்த முப்பது, நாற்பது வருஷம் கம்பளித் தொப்பியோடதான் இருந்தாங்க. ஹெல்மெட் போட்டா அசிங்கம், இல்லைன்னா அது சின்னப் பசங்களுக்குன்னு ஒரு நினைப்பு. நமக்கும் இந்த மனநிலை புதுசு இல்லையே.

1997 டிசம்பர் 31. ஆஸ்பென் மலையில் மைக்கேல் கென்னடி, ராபர்ட் கென்னடியோட மகன், மரத்தில் மோதி இறந்தார். ஒரு வாரம்கூட ஆகலை, 1998 ஜனவரி 5-ல் பாடகரா இருந்து அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரான சானி போனோ, ஹெவன்லி ரிசார்ட்டில் அதே மாதிரி மரத்தில் மோதி இறந்தார். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. ஹெல்மெட் பற்றிய பேச்சு பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது அப்போதான்.

2009 மார்ச்சில் நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன். கனடாவில் மோன் ட்ரோம்ப்லான் ரிசார்ட்டில், புதுசா கத்துக்கிறவங்களுக்கான சரிவில் விழுந்தார். எழுந்து நல்லாத்தான் பேசினார். ஆனா மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்தது. இரண்டு நாளில் உயிர் போயிடுச்சு. அவரும் ஹெல்மெட் போடலை. பெரிய வேகம் இல்லை, மரம் இல்லை, பாறை இல்லை. சின்ன விழுதலும் கொல்லும்னு மக்களுக்குப் புரிஞ்சது அந்தச் சம்பவத்தில்.

அமெரிக்க ஸ்கீ ரிசார்ட்டுகளோட சங்கம் எடுத்த கணக்குப்படி, 2002-03 சீசனில் ஹெல்மெட் போட்டவங்க 25 சதவீதம். 2012-13-ல் அது 70 சதவீதம். பத்தே வருஷத்தில் வந்த மாற்றம் இது. இத்தாலியில் 2005-ல் 14 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்குச் சட்டப்படியே கட்டாயம் ஆக்கப்பட்டது.

இந்தக் கூட்டத்துக்கான முத்திரைதான் இ.என். 1077. டெஸ்ட் இப்படி: ஒரு பொம்மைத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புமேல் போடுவாங்க. உள்ளே இருக்கிற தலைக்கு வர்ற அதிர்வு, புவியீர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040-ல் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு.

1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுற தலையோட வேகம் என்ன தெரியுமா? மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். 2 மீட்டர்னா 22 அல்லது 23. அதாவது நின்ன இடத்திலிருந்து தலை தரையில் மோதுற வேகம். ரிச்சர்ட்சன் விழுந்த மாதிரியான விழுதல் இந்தக் கற்பனைக்குள்ளே அடங்கும். மணிக்கு 60-ல் போய் நேரா மரத்தில் மோதுறது அடங்காது.

மேலேர்ந்து வர்ற கல்

இப்போ இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம். பாறை ஏறுறவங்க. அவங்க பயமே வேற. அவங்க தலைக்கு மேலே ஒரு நண்பர் ஏறிக்கிட்டு இருப்பார். அவர் கால் பட்டு ஒரு கல் உருண்டா, நேரா உச்சந்தலைக்குத்தான் வரும்.

பிரிட்டனில் ஜோ பிரௌன்னு ஒருத்தர் இருந்தார். மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி வீட்டுப் பையன். நம்ம கஞ்சன்ஜங்கா இருக்கே, 1955-ல் ஜார்ஜ் பேண்டோட சேர்ந்து அதை முதன்முதலா ஏறினவர் இவர்தான். பிற்காலத்தில் வேல்ஸ் நாட்டில் அவர் பேரிலேயே ஃபைபர் கிளாஸ் ஹெல்மெட் தயாராச்சு. ஒரு தலைமுறை பிரிட்டிஷ் மலையேறிகள் 'ஜோ பிரௌன்' மாட்டிக்கிட்டுத்தான் ஏறினாங்க.

இந்தப் பரம்பரையோட முத்திரைதான் இ.என். 12492. இங்கே ஹெல்மெட்டைக் கீழே போட மாட்டாங்க. ஹெல்மெட் நிற்கும், 5 கிலோ எடையை 2 மீட்டர் மேலேர்ந்து அதன் உச்சியில் போடுவாங்க. கழுத்துக்கு இறங்குற விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. மலையேற்றச் சங்கங்களோட உலகக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ. இன்னும் கறாரா 8-ன்னு வெச்சிருக்கு. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுக்கும் டெஸ்ட் உண்டு. ஆனா அங்கே எடை விழுற உயரம் வெறும் அரை மீட்டர்.

இரண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு டெஸ்டில் தலை நகருது, தரை நிற்குது. இன்னொண்ணில் தலை நிற்குது, கல் நகருது. ஒண்ணு ஆள் விழுறதுக்கு, ஒண்ணு கல் விழுறதுக்கு.

நடுவில் மாட்டினவர்

பேக்கன்ட்ரி ஆளோட ஒரு நாளை யோசிச்சுப் பாருங்க. விடியற்காலையில் ஏற ஆரம்பிக்கிறார். அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். காதை மூடுற, பஞ்சு வெச்ச ஸ்கீ ஹெல்மெட்டைத் தலையில் வெச்சுக்க முடியாது. கழற்றி பையில் மாட்டிடுவார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவில் ஒரு குறுகலான பனி ஓடை. வெயில் ஏற ஏற, மேலே பனியில் உறைஞ்சு ஒட்டியிருந்த கற்கள் இளகி உருண்டு வரும். இப்போ அவர் ஒரு பாறை ஏறுற ஆள். ஆனா ஹெல்மெட் பையில தொங்குது. உச்சிக்குப் போய் இறங்கும்போது அவர் பந்தயக்காரர் மாதிரி. மலையேறும் ஹெல்மெட் மட்டும் இருந்தா, விழும்போது பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் காப்பு குறைவு.

ஒரே நாளில், ஒரே தலைக்கு, இரண்டு ஆபத்து. இரண்டு டெஸ்ட் எழுதினவங்களும் இவரை மனசில் வெச்சு எழுதலை.

இதுக்கு முதல்ல தெளிவா பதில் சொன்னது ஸ்கீ மலையேற்றப் பந்தயங்கள். அந்த விளையாட்டோட உலகக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எம்.எஃப்., வீரர்கள் போடுற ஹெல்மெட் இரண்டு தரத்தையும் பூர்த்தி செய்யணும்னு விதி வெச்சிருக்கு. 2026 மிலானோ-கார்ட்டினா ஒலிம்பிக்ஸில் இடம் பிடிச்ச விளையாட்டு இது. 2010-களில் சலோமோன், கேம்ப் மாதிரி நிறுவனங்கள் இரண்டு முத்திரையும் உள்ள லேசான ஹெல்மெட்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்தாங்க. பிரான்ஸின் பெட்ஸல் இன்னொரு வழியில் போனது. ஸ்கீ டூரிங்குக்குன்னு தனியா ஒரு தரம் இல்லாததால, அந்த நிறுவனமே ஒரு விதிமுறை எழுதி, தன்னோட மெட்டியோர் ஹெல்மெட்டுக்கு அதன்படி சான்று வாங்கினது.

ஸ்னோபோர்டு ஆளுங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. பலகையோட பின்விளிம்பு சட்டுனு பனியில் குத்திக்கிட்டா, ஆள் மல்லாக்க விழுவார். கையூன்ற நேரம் கிடைக்காது. பின்மண்டைதான் முதல்ல தரையில் படும். அதனால அவங்க ஹெல்மெட் பின்பக்கம் எவ்வளவு கீழே இறங்கி மூடுதுன்னு பார்க்கிறது ரொம்ப முக்கியம்.

ஹெல்மெட்டால் முடியாதது

2013 டிசம்பர் 29. பிரான்ஸில் மெரிபெல். ஃபார்முலா ஒன் ஜாம்பவான் மைக்கேல் ஷூமாக்கர், இரண்டு சறுக்குப் பாதைகளுக்கு நடுவில் இருந்த, சமன் செய்யப்படாத பகுதியில் இறங்கினார். பனிக்குக் கீழே மறைஞ்சிருந்த பாறை தட்டி, தலை இன்னொரு பாறையில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தார். அது இல்லைன்னா அவர் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வந்திருக்க மாட்டார்னு க்ரெனோப்ள் டாக்டர்கள் சொன்னாங்க. உயிர் தங்கினது. ஆனா மூளைக் காயத்தைத் தடுக்க முடியலை.

ஆராய்ச்சிகளும் இதே கதையைத்தான் சொல்லுது. 2006-ல் 'ஜாமா' இதழில் வந்த நார்வே ஆய்வில், ஹெல்மெட் போட்டவங்களுக்குத் தலைக்காய அபாயம் 60 சதவீதம் குறைவுன்னு தெரிஞ்சது. அருமையான செய்தி. ஆனா அமெரிக்காவில் பல வருஷமா ஸ்கீ விபத்துகளை ஆராய்ந்த ஜாஸ்பர் ஷீலி, ஹெல்மெட் பயன்பாடு பல மடங்கு கூடியும் மரண எண்ணிக்கை பெரிசா குறையலைன்னு காட்டினார். இரண்டும் முரண் இல்லை. ஹெல்மெட் சின்ன, நடுத்தர அடிகளை வாங்கிக்கிது. ஆளைக் கொல்றது பெரும்பாலும் வேகமும் மரமும்.

பேக்கன்ட்ரியில் இன்னொரு எமன் உண்டு, பனிச்சரிவு. கனடாவில் 1984-லேர்ந்து 2005 வரை பனிச்சரிவில் இறந்த 204 பேரோட பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியானது. 75 சதவீதம் பேர் மூச்சு முட்டி இறந்தவங்க. 24 சதவீதம் பேர் மரத்திலும் பாறையிலும் அடிபட்டு இறந்தவங்க. அந்த நாலில் ஒரு பங்கில் ஹெல்மெட் சிலருக்கு உதவலாம். மிச்ச மூணு பங்குக்கு வேண்டியது சிக்னல் அனுப்புற ட்ரான்ஸீவர், குத்திப் பார்க்கிற ப்ரோப் குச்சி, பனி அள்ளும் மண்வாரி, அதை வேகமா பயன்படுத்தத் தெரிஞ்ச நண்பர்கள். அதுக்கும் மேலே, "இன்னைக்கு இந்தச் சரிவு வேண்டாம், திரும்பிடலாம்"னு சொல்ற மனசு.

அப்போ எதை வாங்கறது?

இந்த வரலாறு தெரிஞ்சா வாங்கறது சுலபம். முதல் கேள்வி ஹெல்மெட்டைப் பற்றி இல்லை, உங்க மலையைப் பற்றி. ஏறும் வழியில் பாறைச் சுவர், கல் விழுற ஓடை இருக்கா? அப்போ இரண்டு முத்திரையும் உள்ளது வாங்குங்க. மரக்காட்டுக்குள்ளே சாதுவான சரிவுகள் மட்டும்தானா? காற்றோட்டம் நல்லா இருக்கிற இ.என். 1077 போதும்.

அந்த 1077-லயே ஏ, பி-ன்னு இரண்டு வகுப்பு இருக்கு. ஏ வகுப்பு தலையில் அதிக இடத்தை மூடும், காதுப் பக்கத்தையும் சேர்த்து. பி வகுப்பில் மூடுற பரப்பு குறைவு, ஆனா காற்று நல்லா வரும், காது நல்லா கேட்கும். பேக்கன்ட்ரியில் காது கேட்கிறது சொகுசு இல்லை. நண்பர் கத்துறது கேட்கணும். காலடியில் பனி அடுக்கு 'வும்ஃப்'னு அமுங்குற சத்தம் கேட்கணும், அது பனிச்சரிவுக்கான எச்சரிக்கை.

மிப்ஸ்னு ஒரு மஞ்சள் உள்வலை பார்த்திருப்பீங்க. ஸ்வீடனில் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹான்ஸ் ஃபோன் ஹோல்ஸ்டும் பொறியாளர் பீட்டர் ஹால்டினும் தொடங்கின ஆராய்ச்சியிலிருந்து வந்தது. சாய்வா விழும்போது தலை திருகப்படுறதைக் குறைக்கிறதுக்காக. நாம பார்த்த இரண்டு பழைய முத்திரையும் அந்தத் திருகலை அளக்கிறதே இல்லை. இருந்தா நல்லது.

அப்புறம் அளவு. பட்டையை மாட்டாமலே தலையை ஆட்டிப் பாருங்க. ஹெல்மெட் தனியா ஆடினா அது உங்களோடது இல்லை. கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் நெற்றி தெரியக் கூடாது. உள்ளே தடிமனான தொப்பி போட்டுக்கலாம்னு பெரிசா வாங்காதீங்க.

கடைசியா, ஏறும்போதும் தலையில் வெச்சுக்க முடியுமான்னு கேளுங்க. எடையும் காற்றுத் துளையும் இங்கேதான் முக்கியம். பையில தொங்குற ஹெல்மெட்டுக்கு எந்த முத்திரை இருந்தும் பிரயோஜனம் இல்லை. பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கிற ஹெல்மெட் மாதிரிதான்.

நம்மில் சிலர் இப்போ காஷ்மீரின் குல்மார்க் போறாங்க. அங்கே கோண்டோலாவில் ஏறினா அஃபர்வாட் மலையில் கிட்டத்தட்ட 3,900 மீட்டர் உயரத்துக்குப் போயிடலாம். பராமரிக்கிற பகுதியைத் தாண்டிக் கொஞ்சம் விலகினாலே நிஜ பேக்கன்ட்ரி. 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீ வீரர் ஒருத்தர் உயிரிழந்தார். போறவங்க வாடகைக்கு ஒரு ஹெல்மெட் எடுத்தா, உள்ளே என்ன எண் இருக்குன்னு ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அது எந்த விபத்துக்காகச் செஞ்சதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். மிச்ச விபத்துகளுக்கு நீங்கதான் பொறுப்பு.

மலைக்குப் போற நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.